கோயில் எதிர்த்தாத்தில் இருக்கிறது

என் சம்பத் அத்தானுக்கு, தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து,

நீ போய் ஒரு வருஷம் ஆகி, உன் வருஷாப்திகமும் முடிந்துவிட்டது. போன புரட்டாசியில் உங்கள் வீட்டில் கொலு கிடையாது. இந்த வருஷம் வைக்கப்போகிறார்கள். அதைச் சொல்லத்தான் உன் மனைவி, என் மன்னி, போன வாரம் இங்கே வந்தாள். உட்காரச் சொன்னதற்கு, வேலை இருக்கிறது என்று கூடத்தில் நின்றபடியே பேசினாள்.

"அவர் கட்டின பொம்மை ஊரை இறக்கித் துடைச்சு வெச்சுட்டேன். எல்லாம் சரியா இருக்கு. கோயில் நிலம் மட்டும் காலியா இருக்கு. உங்காத்துல இருக்கறதைக் கொண்டுவந்து குடுக்கறேளா?"

"பார்க்கலாம் மன்னி" என்றேன். முடியாது என்பதற்கு நம் தெருவில் உள்ள மரியாதையான சொல் அதுதான் என்பது அவளுக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இதை நான் வழக்கமாக மற்றவர்களைக் கேலி செய்யும் பத்திரிகைப் பக்கத்திலேயே அச்சிடக் கொடுக்கப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் இருவருக்கும் வெளிநாட்டு உறவினர்களிடமிருந்து கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் பில்டிங் செட் ஆளுக்கொன்று வந்தது. என்னுடையதில் வெள்ளையும் சிவப்பும், உன்னுடையதில் மஞ்சளும் நீலமும். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு வீடு கட்டலாம், சுமாரான கொட்டகை ஒன்று கட்டலாம். இரண்டையும் சேர்த்தால்தான் ஊர் வரும் என்று கண்டுபிடித்தவன் நீ. உங்கள் வீட்டு வாசலுக்குப் புதுக்கதவு போட்டபோது கழற்றிய பழைய ரெட்டைக் கதவை மாடியில் டிரங்குப் பெட்டிகள் மேல் படுக்கப் போட்டோம். மரம் வளைந்திருந்ததால் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. அதற்கு நம் காஞ்சிபுரத்து நதியின் பெயரை, வேகவதி என்று, வைத்தாய். தண்ணீர் இல்லாத நதிக்கு நாம் வேறு எந்தப் பெயரை வைத்திருக்க முடியும்?

என் பக்கத்துக் கதவில் கோபுரம், குளம், மண்டபம். உன் பக்கத்தில் வீடுகள், பஸ் ஸ்டாண்ட், அரிசி மில், தறிக்காரர் தெரு. பக்கத்துத் தெருவில் கேட்டு வாங்கிய ஜரிகைத் துண்டுகளைக் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டி மின்சாரம் கொடுத்தோம். அந்த நவராத்திரியில் ஊரைக் கீழே இறக்கி உங்கள் கொலுப்படிகளின் முன்னால் வைத்தார்கள். என் அத்தை, அதாவது உன் அம்மா, வந்தவர்களை முதலில் நம் ஊருக்குத்தான் கூட்டிப்போனாள். பொம்மைகளை அப்புறம்தான் காட்டினாள்.

மூன்றாம் நாள் என் அப்பா வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கோபுரம் நன்னா வந்திருக்கு. நாமம் எங்கே?"

அத்தைதான் முதலில் பயந்தாள். பிறந்த வீடு வடகலை, புகுந்த வீடு தென்கலை. இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் தெருவில் இல்லை. "குழந்தைகள் விளையாட்டு அண்ணா. சுண்டல் எடுத்துக்கோங்கோ."

"இருக்கட்டும்மா. கோபுரம்னு இருந்தா நாமம் இருக்க வேண்டாமோ?"

உன் அப்பா ஊஞ்சலிலிருந்து இறங்கினார். "இருக்கணும்தான். எந்த நாமம்னு சொல்லுங்கோ."

எங்கள் வீட்டு நாமத்துக்குப் பாதம் கிடையாது. உங்கள் வீட்டு நாமத்துக்கு உண்டு. மூக்கின் மேல் இறங்கும் அந்தச் சிறு துண்டுத் திருமண் பற்றி இரண்டு பெரியவர்களும் குரலை உயர்த்தாமல் பேசினார்கள். நம் தெருவில் சத்தம் போடுவது குழாயடிக்கு மட்டும்தான். இதற்கு சுலோகம் சொல்வார்கள். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் அதைவிடப் பழையதாக ஒன்று சொன்னார். சுண்டல் ஆறிப்போனது. கடைசியில் என் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, "பொழுது போயிடுத்து" என்றார். இருவரும் கைகூப்பிக்கொண்டார்கள். அதற்கப்புறம் நாலைந்து வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் என் கதவை எடுத்துப்போக வந்தேன். யார் அனுப்பினார்கள் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. யாரும் அனுப்பவில்லை, அத்தான். பெரியவர்கள் இருவரும் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்கள். செயலில் இறங்கியது நான்தான்.

ஒரு கதவைத் தனியாளாகத் தூக்க முடியவில்லை. என் பங்கைக் கொண்டுபோக மறுமுனையை நீதான் பிடித்தாய். தெருவைக் கடக்கும்போது, "மெள்ளப் போடா அம்மாஞ்சி, மண்டபம் ஆடறது" என்றாய். உலகத்தில் எத்தனையோ பாகப்பிரிவினை பற்றிப் படித்திருக்கிறேன். பறிகொடுப்பவனே சுமந்து வந்து இறக்கிவைத்த கதை வேறெதிலும் இல்லை.

அன்று மத்தியானம் கோபுரத்தின் கட்டைகளுக்கு நடுவேயும், அடியில் கதவோடும் பிசின் விட்டு ஒட்டினேன், யாரும் பிரித்து மாற்றிவிடக் கூடாதென்று. பிறகு எனாமல் பெயிண்டால் எங்கள் நாமத்தைப் போட்டேன். பிரித்துக் கட்டுவதற்கென்றே செய்த பொருளைப் பிரிக்க முடியாமல் ஒட்டிவைக்க நம் தெருவில் பிறந்தவனால்தான் முடியும். சில நாள் கழித்துப் பேப்பர் கேட்க வந்தபோது நீ அதைப் பார்த்துவிட்டாய். நீ சொன்னது ஒன்றுதான்: "பிரஷ் கொஞ்சம் மெல்லிசா வாங்கியிருக்கலாம்."

அதன் பிறகு எனக்கு ஊரில்லாத ஒரு கோயிலும், உனக்குக் கோயிலில்லாத ஒரு ஊரும் மிஞ்சின. என் கோயில் அப்படியே நின்றது. உன் ஊர் வளர்ந்தது. உன்னிடம் இருந்த கட்டைகள் கொஞ்சம்தான். ஒன்றைக் கட்ட இன்னொன்றை இடிக்க வேண்டும். அரிசி மில் போய் எஸ்.டி.டி. பூத் வந்தது. நிஜத்தில் நம்மைச் சுற்றியுள்ள வயல்களில் எல்லாம் இன்ஜினியரிங் காலேஜ் முளைத்த வருஷம் நீயும் ஒன்று திறந்தாய், லேப் மட்டும் அடுத்த வருஷம் என்று சொல்லி. டூரிங் கொட்டகை கல்யாண மண்டபமாயிற்று. பூத் பிரவுசிங் சென்டராகி, பிறகு செல்போன் கடையாகி நின்றது. பேங்க் வேலைக்குப் போய், கல்யாணமாகி, தலை நரைக்கத் தொடங்கியும் நீ விடவில்லை. மூன்று மாடிப் பட்டுக்கடை வைக்கத் தறிக்காரர் தெருவிலிருந்து எடுத்த கட்டைகள் போதவில்லை. அப்போதும், வேகவதிக்கு அக்கரையில் என் கதவுக்கு அளவெடுத்தாற்போல விட்டிருந்த இடத்தை நீ தொடவில்லை. நாலு தெருவும் அதைப் பார்த்துத்தான் போய் முடிந்தன.

நவராத்திரிக்கு வரும் மாமிகள் கேட்பார்கள், "என்ன சம்பத், காஞ்சிபுரத்துல கோயிலைக் காணோம்?"

"கோயில் எதிர்த்தாத்துல இருக்கு மாமி."

என்னைப் பார்த்ததும், "வாடா அம்மாஞ்சி. உன் நிலத்துல ஒரு ஆக்கிரமிப்பும் ஆகலை, நீயே பாத்துக்கோ" என்பாய். "கேஸ் நடக்கறது அத்தான், தீர்ப்பு வரட்டும்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீ வருஷா வருஷம் கேட்டது என் கோபுரத்தை. நான் வருஷா வருஷம் கொடுத்தது ஒரு ஹாஸ்யம். அந்த நாமத்தோடு அதை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு முகமில்லை. நாமத்தை அழித்தால் அப்பா என்ன சொல்வாரோ என்று பயம். இரண்டையும் மறைக்கச் சிரிப்பு வசதியாக இருந்தது. நீ போன அன்று உன் காலடியில் நின்றபோதும் எனக்கு அந்தக் காலி இடம்தான் ஞாபகம் வந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அந்தக் கதவுதான் என் எழுத்து மேசை. சம்பிரதாயச் சண்டைகளைக் கிண்டல் செய்து நான் எழுதியவை, துணிச்சலான எழுத்து என்று வாசகர்கள் பாராட்டியவை, எல்லாம் அதன் மேல் வைத்து எழுதியவை. மூலையில் கோபுரம் பிளாஸ்டிக் உறைக்குள் நின்றுகொண்டிருந்தது. யாராவது கேட்டால், "சின்ன வயசில் பண்ணினது" என்பேன்.

மன்னி வந்துபோன பிறகு ஒரு திட்டம் போட்டேன். டர்பன்டைன் வாங்கி நாமத்தைத் துடைத்துவிடுவது. விளக்கு வைத்த பிறகு, தெரு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், பெட்ஷீட் போர்த்திக் கொண்டுபோய் வைத்துவிடுவது. நேற்று சாயங்காலம் துணியை நனைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். இப்போது கைத்தடி இருக்கிறது. கண்ணாடியைத் தூக்கிவிடும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

"என்னடா பண்றே?"

"நாமத்தை எடுக்கறேன்ப்பா."

"இது யார் போட்டது?"

"நான்தான். அன்னிக்கு நீங்க கேட்டேளே."

அவர் குனிந்து கோபுரத்தைப் பார்த்தார். "எங்கேன்னு கேட்டேன். போடுன்னு சொன்னேனா?"

இத்தனை வருஷமும் பழியில் பாதியை அவர் பேரில் எழுதிவைத்திருந்தேன், அத்தான். அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். என் கையில் நனைந்த துணி இருந்தது. துடைத்துவிட்டால் நான் ஒன்றும் செய்யாதவன் மாதிரி உங்கள் வீட்டுக்குள் நுழையலாம். துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்று காலை மன்னியிடம் போனேன். வாசலில் நின்றுகொண்டு, "கொண்டுவரேன் மன்னி. ஆனா அதுல எங்க நாமம் இருக்கு. பெயிண்ட்ல போட்டது" என்றேன்.

"தெரியும். அவர் சொல்லியிருக்கார். பிரஷ் தடிமனாமே?"

அவளே தொடர்ந்தாள். "கோபுரத்தை மட்டும் எடுக்க வராதோன்னோ? பெரிய கதவாச்சே. ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தெரு முழுக்க வெளியில் இருக்கும்போது, பெட்ஷீட் இல்லாமல் கொண்டுவருகிறேன். நாமம் வாசல் பார்த்து இருக்கும். நடுவில் வேகவதிக்கு இரண்டு விரல் இடம் விடுவேன். என்னடா இது என்று யாராவது கேட்டால், கோயிலைத் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்று மட்டும் சொல்வேன். ஹாஸ்யம் சொல்ல மாட்டேன், அத்தான். அந்தத் தெருவைக் கடக்கும் வரைக்குமாவது சொல்ல மாட்டேன். இந்தக் கதவின் மேல் வைத்து எழுதுவதும் இதுதான் கடைசி.

மறுமுனையை நீ பிடித்திருக்க வேண்டிய,
உன் மாமா பிள்ளை, உன் அம்மாஞ்சி