கவிழ்த்த கோப்பை

ஞாயிறு, இரவு

இன்று மகள் கவிதா கடலூர்ப் பழைய துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினாள். அவளோடு கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களும் வந்தார்கள். பழைய கிடங்குகள், வரிசையாகக் கட்டிய படகுகள், உப்புக்காற்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் என் மனசு அங்கிருந்த டீக்கடையிலேயே நிற்கிறது.

ஒரு கிடங்கின் முன்பக்கத்தைக் கடையாக்கி, பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் எனக்குப் பதினாறு வருட வேலை. எந்தக் கோப்பை கைக்கு வந்தாலும் அடியைப் பார்க்காமல் இருக்க முடியாது. உள்ளே டீ இருப்பதை மறந்து அப்படியே கவிழ்த்துவிட்டேன். மேசையெல்லாம் டீ.

"ஐயோ அம்மா, மானம் போவுது" என்று கவிதா பல்லைக் கடித்தாள்.

அடியில் மூன்று நீலப் புள்ளிகள். யார் செய்தது என்று தெரிவதற்காகப் பட்டறையில் ஆளுக்கொரு குறி வைப்போம். மூன்று புள்ளி என்னுடையது.

"இது நான் செஞ்சதுடி" என்றேன்.

கவிதா வாங்கிப் பார்த்தாள். அம்மா ஆபீஸில் வேலை பார்ப்பதாகத்தான் இத்தனை நாள் தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். இப்போது கடை முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, இது எங்கம்மா செஞ்சதுங்க!" என்றாள். அந்தப் பெண்கள் அவசர அவசரமாகக் குடித்துவிட்டுத் தங்கள் கோப்பைகளையும் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

கடைக்காரர் அதே கோப்பையைக் கழுவி மறுபடி டீ ஊற்றிக் கொடுத்தார். கைப்பிடிக்குக் கீழே வெளிப்பூச்சில் மட்டும் ஒரு ஊசித்துளை. கழித்துப் போட்டிருக்க வேண்டியது, எப்படியோ விட்டிருக்கிறேன். கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.