எல்லோரும் விளக்கை அணைத்த தீபாவளி

என் அன்பு மியா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன். வரிசைதான் வரமாட்டேன் என்கிறது.

நீ கண்ணை மூடிய பிறகு மாடியை மூன்று மாணவர்களுக்கு விட்டிருக்கிறேன். பாலி மொழி படிக்க வந்திருக்கும் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டை விட்டு வந்து அவர்களுக்கு இது முதல் தீபாவளி. மூத்தவன் பிரபு, நேற்று நல்லெண்ணெய் காய்ச்சி எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தான். உனக்கு அவனைப் பிடித்திருக்கும்.

விடியுமுன் வாசலில் வெடித்தது. ஒன்றல்ல, தொடர்ந்து. நான் கட்டிலிலிருந்து உருண்டு தரையில் படுத்துவிட்டேன், மியா. நீ பார்க்காத இந்தச் சில வருஷங்களில் நம் தின்கன்ஜூன் பேட்டையில் எல்லோருடைய உடம்பும் குண்டுச் சத்தம் கேட்டதும் தரையில் விழப் பழகிவிட்டது.

ஓய்ந்ததும் வெளியே வந்தேன். தலையில் எண்ணெய் வழிய மூவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். லத்தா கடைத்தெருவில் வாங்கிய சீனச் சரவெடி! தெருவில் வீடு வீடாக விளக்கு அணைந்துகொண்டே வந்தது.

"என்ன ஐயா, தீபாவளியும் அதுவுமா லைட்டை அணைக்கிறாங்க?" என்றான் பிரபு.

"குண்டுன்னு நினைச்சுட்டாங்க, தம்பி."

அவன் முகத்தை எப்படிச் சொல்வேன்? எதிர்வீட்டில் குழந்தை அழுதது. உடனே யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

பேட்டைத் தலைவர் வந்தார், அதே ஊ தான், இரண்டு ஆட்களோடு. வெளிநாட்டுப் பிள்ளைகள், கையில் வெடி. கூட்டிக்கொண்டு போய்விட்டால் எங்கே போய்த் தேடுவேன்? மூவரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். பிறகுதான் நான் வெளியே நிற்பது தெரிந்தது. யார் தட்டினாலும் நீதானே போய்த் திறப்பாய்?

"யார் வெடிச்சது, சயா?" ஓய்வுபெற்ற வாத்தியாரை இன்னும் பர்மியத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"நான்தான்."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். "சயாவா! பல்லி விழுந்தாலே தெருவுக்கு ஓடி வருவீங்களே. மா மியா இருந்து, அவங்க வெடிச்சாங்கன்னா நம்பியிருப்போம்."

"அவளுக்காகத்தான் வெடிச்சேன். தீபாவளின்னா அவளுக்குச் சரம் வெடிக்கணும்."

உனக்கு வெடிச்சத்தமே ஆகாது என்பது என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாயே. உன் பெயரால் பொய் சொல்லலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஊ தான் சிரிக்கவில்லை. எண்ணெய் படாத என் தலையைப் பார்த்தார். படியில் கிடந்த பையன்களின் செருப்புகளைப் பார்த்தார்.

"மா மியாவுக்கு இனிமே விளக்கு மட்டும் போதும், சயா" என்றார். "வாசல்ல வெடித்தாளைப் பெருக்கிடுங்க." போய்விட்டார்.

பொழுது விடிந்ததும் பிள்ளைகள் லட்டுத் தட்டோடு வீடு வீடாகக் கைகூப்பி மன்னிப்புக் கேட்கப் போனார்கள். எதிர்வீட்டம்மா வாங்கிக்கொண்டாள். குழந்தை மட்டும் கட்டிலடியிலிருந்து வரவே இல்லை. பிரபு திரும்பி வந்து படியில் உட்கார்ந்து அழுதான். "நம்ம பண்டிகைக்கு ஒரு குழந்தை இப்படிப் பயப்படுமா, ஐயா?" என்று கேட்டான். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அடுத்த தீபாவளிக்கு விளக்குதான், மியா. முந்தின நாளே தெருவெல்லாம் சொல்லிவிடுவேன். அந்தக் குழந்தை வெளியே வந்தால் முதல் விளக்கு அதன் கையால்தான். கதவு தட்டினால் நானே திறக்கிறேன். பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் திறக்கிறேன்.

உன் முதுகுக்குப் பின்னால் நின்றே பழகிய உன் கணவன்,
ராமசாமி