கரைக் குழாயின் வாய்

கொட்டாஞ்சேனை

அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

செவ்வாய்க்கிழமை துறைமுகத்துக்குக் கறவை மாடுகள் கப்பலில் வந்தன. கப்பலில் நிற்கும் மாடுகளுக்குக் கரையிலிருந்து தண்ணீர் ஏற்றும் குழாய் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. போன கப்பலுக்குச் சரியாக இருந்ததே என்று பார்க்காமலே போட்டுவிட்டேன். குழாயின் வாய் இந்தக் கப்பலுக்குப் பொருந்தவில்லை. தண்ணீர் பவுசர் வண்டி வர நாலு மணி நேரம் ஆனது. அதற்குள் ஒரு சினை மாடு படுத்தது, பிறகு எழும்பவில்லை.

“தூரப் பயணம், களைச்சுச் செத்திருக்கு” என்றார் மாட்டு டொக்டர்.

“ஆமா சேர்” என்றேன்.

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, நீங்கள் யோசிக்க வேண்டாம். நம் செவலைப் பசுவுக்குத் தண்ணீர் வைக்காமல் நீங்கள் ஒருநாளும் தேத்தண்ணி குடித்ததில்லை.

இந்த மாதம் எனக்குச் செவலையின் நெய் அனுப்பாதீர்கள் அம்மா. பஸ் வருகிறது.

பிரதீஸ்