அம்மாவின் திதியும் ஒரு மாரத்தானும்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

மழையில் இருபத்தாறு கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஈரத் தலையோடு நேரே அடுப்படிக்குப் போய் தோசை வார்த்தேன். அவ்வளவு பசி. அம்மா இருந்திருந்தால் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து திட்டியிருப்பாள்.

அம்மா என்று இந்த டைரியில் எழுதுவதெல்லாம் என் மாமியார் ஜானுவை. என்னைப் பெற்றவள் மாயவரத்தில் சௌக்கியமாக இருக்கிறாள், நான் ஓடுவதே அவளுக்குத் தெரியாது.

சர்க்கரை என்று டாக்டர் அம்மாவை நடக்கச் சொன்னார். துணைக்கு நான் போனேன். நடை எப்போது ஓட்டமாயிற்று என்று இரண்டு பேருக்குமே தெரியாது. புடவையை இழுத்துச் செருகிக்கொள்வாள், கீழே ஷூ, கையில் கடிகாரம் கிடையாது. நீளமான ஒரு ஸ்லோகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓடுவாள். குளத்தங்கரையிலிருந்து சாந்தோம் சர்ச் ஒரு ஸ்லோகம், லைட்ஹவுஸ் ஒன்றரை. முழு மாரத்தான் எத்தனை ஸ்லோகம் வரும் என்று கணக்கு டீச்சரான என்னிடம் கேட்டாள். இரண்டு பேரும் ஓடியே எண்ணிவிடலாம் என்றேன். அதற்குள் டெங்கு வந்து ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. வரும் டிசம்பரோடு இரண்டு வருஷம்.

இன்று பட்டினப்பாக்கத்தில் மீன்கார அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாம்மா, மழைல கூட லீவு இல்லியா? மாமி உன்ன நல்லா பழக்கிவுட்டு போயிருக்குது."

ஆமாம். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாள்.

நவம்பர் 13

முழங்கால் பரவாயில்லை. ஸ்ரீநாத் தைலம் தேய்த்துவிட்டார். கணவர் என்று ஒருவர் இருப்பதில் இப்படியும் சில லாபங்கள்.

நவம்பர் 26, புதன்

அசடு. நான் ஒரு அசடு.

அம்மாவின் திதி என்றைக்கு என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லலாமே என்று எங்கள் வீட்டுப் புரோகிதர் பாலு வாத்தியாருக்குப் போன் செய்தேன். அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "ஜனவரி நாலு, ஞாயித்துக்கிழமை. யாரும் லீவே போட வேண்டாம், சௌகரியமாப் போச்சு."

ஜனவரி நாலுதான் மாரத்தான்.

திதி வருஷத்துக்கு வருஷம் பதினோரு நாள் முன்னால் வரும். போன வருஷம் டிசம்பர் பதினேழு. அப்படியானால் இந்த வருஷம் டிசம்பர் முதல் வாரம் முடிந்துவிடும் என்று ஆகஸ்டிலேயே மனக்கணக்குப் போட்டுத்தான் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். மார்கழி மாதத்துத் திதி மார்கழி பிறக்காமல் எப்படி வரும்? அது ஒரேயடியாக ஜனவரிக்குத் தாவிவிட்டது. பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேனாம் நான்.

ஸ்ராத்தம் செய்கிறவர் ஸ்ரீநாத். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். காலையிலேயே குளித்து, யார் மேலும் படாமல் மடியாக இருந்து சமைக்க வேண்டும். பிராமணாள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. ஓட்டம் விடியற்காலை நாலு மணிக்கு. எனக்கு ஆறு மணி நேரம் ஆகும். வெறும் வயிற்றோடு ஓடினால் அடையாறு பாலத்திலேயே சுருண்டு விழுவேன்.

அப்பாவிடம் — மாமனாரிடம் — கேட்பதா? அம்மா இருந்தவரை ஒரு நாளாவது அவர் ஓட்டத்தைப் பார்க்க வந்ததுண்டா? வாசலில் எங்கள் ஷூக்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அவரிடம் போய், உங்கள் மனைவியின் திதியன்று நான் தெருவில் ஓடட்டுமா என்று எந்த வாயால் கேட்பேன்?

நவம்பர் 27

ஓடவில்லை. முடிவு செய்தாகிவிட்டது. ஷூவைப் பரணில் போட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

அப்பாவிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று ஸ்ரீநாத்திடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஆனால் இன்று காபி கொடுக்கும்போது அப்பாவே கேட்டார்.

"ஏன் நாலு நாளா தாழ்ப்பாள் சத்தமே காணோம்?"

எனக்குப் புரியவில்லை. வாசல் பக்கத்து அறையில்தானே அவர் படுக்கிறார். நாங்கள் தாழ்ப்பாளைத் திறக்கும் சத்தத்தில்தான் இத்தனை வருஷமும் எழுந்தாராம். அம்மா போன பிறகு ஐந்தாறு மாதம் அந்தச் சத்தம் இல்லை. விழித்துக்கொண்டு படுத்தே கிடந்தாராம். பிறகு நான் தனியாகப் போக ஆரம்பித்த அன்று, சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்து அழுதாராம். இதையெல்லாம் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கணக்குத் தப்பியதையும்.

அப்பா பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தேதி மாறிவிடுமா என்ன.

டிசம்பர் 2

சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு அப்பா தானே பாலு வாத்தியார் ஆத்துக்குப் போய்விட்டு வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். நான் கதவோரம் நின்றேன்.

"பதினொண்ணரைக்கு ஆரம்பிச்சாப் போறும்னுட்டார். தளிகை பண்ணிப் பரிமாற ஒரு மாமிய ஏற்பாடு பண்ணிருக்கேன். நீ பதினோரு மணிக்குள்ள வந்து ஸ்நானம் பண்ணிட்டு நில்லு."

சாப்பிடாமல் ஓட முடியாதே என்று இழுத்தேன்.

"பட்டினி இருக்க வேண்டியவன் ஸ்ரீநாத். நீ எது வேணுமோ சாப்பிட்டுண்டு ஓடு. அவளுக்காகத்தானே ஓடறே? அதுவும் ஸ்ராத்தம்தான்."

அதை எழுதும்போது இப்போதும் கண் கலங்குகிறது. எனக்கு எப்படிப்பட்ட மனிதர்கள் வாய்த்திருக்கிறார்கள்.

பட்டினி தன் தலையில் விழுந்ததில் ஸ்ரீநாத்துக்கு மட்டும் வருத்தம்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. கோலம் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது கோலத்தின் ஒரு மூலையை மாடு மிதித்திருந்தது. நல்ல நாள்.

ஜனவரி 3

தூக்கம் வராது போலிருக்கிறது. பதினோரு மணிக்குள் வீடு. அது ஒன்றுதான் பயம். என்னால் ஸ்ராத்தம் தாமதமாகக் கூடாது, கடவுளே.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

முடித்துவிட்டேன். நாற்பத்திரண்டும். பேனா பிடிக்கிற விரல் தவிர எல்லாம் வலிக்கிறது.

முதல் பாதி சுகமாகப் போயிற்று. ஸ்லோகத்தை எண்ணிக்கொண்டே ஓடினேன். இரண்டாம் தடவை அடையாறு பாலம் ஏறும்போது ஆடுசதை பிடித்துக்கொண்டது. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். எண்ணிக்கையும் தப்பிவிட்டது. எங்கள் ஓட்டக் குழுவின் காஷிஃப் பாதி தூரம் மட்டும் ஓடி முடித்துவிட்டு, எனக்காகத் திரும்பி வந்திருந்தான். உப்பு போட்ட தண்ணீரைக் கொடுத்துக் காலை நீவிவிட்டான். "அக்கா, வீட்ல காத்துட்டு இருப்பாங்க, எழுந்திருங்க" என்றான். வேறு எது சொல்லியிருந்தாலும் எழுந்திருப்பேனா தெரியாது.

முடித்தபோது பத்தேகால் தாண்டிவிட்டது. ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. ஓட்டத்துக்காகத்தான் ரோட்டையெல்லாம் அடைத்து வைத்திருந்தார்களே! காஷிஃப்தான் பைக்கில் ஏற்றி, மந்தைவெளிச் சந்துகளில் புகுந்து புகுந்து வாசலில் கொண்டுவந்து விட்டான். பதினோரு மணி அடிக்கவில்லை. அவன் மவராசனாக இருக்க வேண்டும்.

ஸ்நானம், மடிசார், எல்லாம் ஆயிற்று. ஸ்ராத்தம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. நமஸ்காரம் செய்யும்போதுதான் மாட்டிக்கொண்டேன். கீழே போய்விட்டேன். மேலே வர முடியவில்லை. முழங்கால் மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. ஸ்ரீநாத் ஒரு தரம் எழுந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மறுபடி விழுந்து நமஸ்கரித்தார். பாலு வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டு மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா எழுந்து வந்து கை கொடுத்தார்.

"அவளும் மொத மொதல்ல பத்து கிலோமீட்டர் ஓடிட்டு வந்தன்னிக்கு சுவாமி உள்ளுல நமஸ்காரம் பண்றச்சே இப்படித்தான் மாட்டிண்டா. நான்தான் தூக்கி விட்டேன். அபயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோன்னா."

என்னிடமா! அன்று தனக்குத் துளி வலியில்லை என்று சொல்லி மறுநாளும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினவள் அம்மா. நான் நடக்க முடியாமல் நடந்து, இந்த வயதில் இவளுக்கு எப்படி முடிகிறது என்று வெட்கப்பட்டிருக்கிறேன்.

அப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. திதியன்று ஒரு வீடு இப்படிச் சிரிக்கலாமா? சிரித்தோம். அம்மா போன பிறகு இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை.

அம்மா, எத்தனை ஸ்லோகம் என்று இன்னும் தெரியவில்லை. மறுபடி ஓடித்தான் எண்ண வேண்டும்.

ஜனவரி 5, திங்கள்

வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. ஓடுவதாவது! கட்டிலை விட்டு இறங்கவே சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் மெல்ல வாசலுக்குப் போய், தாழ்ப்பாளைத் திறந்து, மறுபடி போட்டுவிட்டுத் திரும்பினேன்.

உள்ளிருந்து அப்பாவின் குரல்: "சத்தம் கேட்டுடுத்து. போய்ப் படுத்துக்கோ. இன்னிக்கு நான் காபி கொண்டு வரேன்."