ஊருக்கெல்லாம் ஊசி போட்டவள்

மார்ச் 3

"சிஸ்டர், கொசு பகல்ல கடிக்குமா, ராத்திரி கடிக்குமா?" என்று ஒருவர் கேட்டார். "அதுக்கு மணி பார்க்கத் தெரியாதுங்க" என்றேன். அவருக்குப் பின்னால் வந்த அம்மாள், நான் ஊசியைக் குத்தி எடுத்துப் பஞ்சும் வைத்த பிறகு, கண்ணை மூடியபடியே "ம், இப்ப போடுங்க" என்றாள். வெப்ப நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடுவதுதான் எனக்கு வேலை. மனிதர்கள் மேல் மரியாதை போக இந்த ஒரு அறை போதும்.

அடுத்த மாதம் நானும் அப்படி ஒரு நாட்டுக்குப் போகிறேன். மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகன் கப்பலில். "நீ பக்கத்துல இருந்தா போதும்மா, எனக்குப் பயம் போயிடும்" என்றாள். இவரும் கூட வருகிறார். அதுதான் தலைவலி.

மார்ச் 7

இவர் தயாராகிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வேறென்ன வேலை? தண்ணீரில் போடும் மாத்திரை, இரண்டு கொசுவலை. அதில் ஒன்று தலையணை அகலம்தான் இருக்கிறது. எந்தக் குள்ளனுக்கோ! மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு படுக்கையறையில் நடந்து பார்க்கிறார். வேர்க்கிறதாம். வேர்க்காமல்?

இன்று உச்சம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு விசில்.

"எதுக்கு? அங்க போய் டிரில் வாத்தியாரா சேரப் போறீங்களா?"

"மழையில போன் செத்துடுமாம். கத்தினா கேக்காது, இது கேக்கும்."

சமையலறை வாசலில் நின்று ஊதியும் காட்டினார். பால் பொங்கி வழிந்துவிட்டது.

மார்ச் 11

மஞ்சள் காய்ச்சல் ஊசி புதன்கிழமை மட்டும்தான். ஒரு குப்பியைக் கலந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்குப் போட்டுத் தீர்க்க வேண்டும். அதனால் ஆள் சேர்த்துப் போடுகிறோம். இவர் முதல் டோக்கன் வாங்கி, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் புருஷன், என் அறை வாசலில், டோக்கனோடு! மானம் போயிற்று.

"நீயும் இப்பவே போட்டுக்கோயேன்" என்றார்.

"பரிமாறுறவ முதல் பந்தியில உக்காருவாளா? போங்க."

மார்ச் 18

எனக்கென்று வைத்திருந்த கடைசி ஊசியை ஒரு வியாபாரி கெஞ்சி வாங்கிக்கொண்டார். போகட்டும். குப்பி என் கையில் இருக்கும்போது எனக்கென்ன அவசரம்?

மார்ச் 25

மருந்து வரவில்லை. குளிர்பெட்டி காலி.

ஏப்ரல் 1

வந்தது. கூட வேலை செய்கிற சிஸ்டர் எனக்குப் போட்டாள். அட்டையில் தேதி எழுதப் போனவள் அப்படியே நின்றாள்.

போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அட்டை செல்லும். இல்லாவிட்டால் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். விமானம் ஆறாம் தேதி. இதை எத்தனை பேரிடம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லியிருப்பேன் — "முன்னாடியே வரத் தெரியாதா?"

"அக்கா, போன மாசத் தேதி போட்டுடவா? முத்திரை நம்மகிட்டதானே இருக்கு."

வேண்டாம் என்றேன். பெரிய யோக்கியம் ஒன்றுமில்லை. பொய்த் தேதி கேட்டு வந்தவர்களை நான் எப்படிப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும்.

புள்ளகிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஊருக்கெல்லாம் போட்டேனே, எனக்குப் போட்டுக்கத் தோணலியே! எருமை. சுத்த எருமை.

ஏப்ரல் 6

இவர் மட்டும் போனார். என் டிக்கெட்டைப் பதினான்குக்கு மாற்றியாயிற்று. டாக்டர் சொன்ன நாள் அதற்கு மேல்தான். ஆனால் குழந்தை டாக்டரைக் கேட்டுக்கொண்டா வரும்?

ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை மனிதர். அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே விமான நிலையத்துக்குள் போனார்.

ஏப்ரல் 9

காலையிலிருந்து இருவர் போனும் போகவில்லை. அங்கே பேய்மழை என்று செய்தியில் காட்டுகிறார்கள். இவரை நம்பி என் பெண்ணை விட்டிருக்கிறேனே!

ஏப்ரல் 10

பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

நேற்று மத்தியானம் மழையிலேயே வலி எடுத்துவிட்டதாம். போன் இல்லை, கரண்ட் இல்லை, தெருவில் ஈ காக்கை இல்லை. "அப்பா அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு நடுரோட்டுல நின்னு விசில் அடிச்சார்மா, நிறுத்தவே இல்ல. பக்கத்துத் தெருவுல இருந்து ஒருத்தர் என்னமோ ஏதோன்னு வேன எடுத்துட்டு வந்துட்டார்." சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "எனக்குப் பயமே இல்லம்மா. அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

பிறகு இவர் போனை வாங்கி, "பாப்பாவுக்கு அந்தச் சின்ன வலை அளவெடுத்த மாதிரி இருக்கு" என்றார்.

நான் என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். குழந்தைக்கென்று அதில் ஒரு துணிகூட இல்லை. உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 13

நாளைக்கு விமானம். இன்று கடைசியாக வந்தவர் ஏதோ பெரிய அதிகாரி. "வேற என்ன எடுத்துட்டுப் போகணும், சிஸ்டர்?" என்றார்.

"ஒரு விசில் வாங்கி வச்சுக்கோங்க."

ஏற இறங்கப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வேறு. வீட்டில் இவரை நான் பார்ப்பேனே, அதே பார்வை.

ஊசியைக் கொஞ்சம் அழுத்தித்தான் போட்டேன்.