வெறும் வண்டி

டிசம்பர் 9, திங்கள்

இன்று காலை கடல் பாலத்தில் என் பல்லெல்லாம் ஆடிவிட்டது. ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் தேங்காய் இறக்கிவிட்டு, அடுத்த லோடு ஏற்றக் கெப்பாலா பத்தாஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேகம் எண்பதைத் தொட்டதும் பிக்கப்புக்குக் குளிர்சுரம் கண்டதுபோல் கிடுகிடுவென்று ஒரு ஆட்டம். குறைத்தால் அடங்குகிறது.

எல்லாம் போன வாரம் இவர் செய்த வேலை. தைப்பூசத்துக்கு நிறைய ஏற்ற வேண்டும், பின்னால் அமுங்கக் கூடாது என்று ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் மாப்பிள்ளைக் களை. இப்போது வண்டி பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"ஆடுதே" என்றேன்.

"வெறும் வண்டி அப்படித்தான் லா ஆடும். லோடு ஏறட்டும், நிக்கும் பாரு."

லோடு ஏறியது. நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். இனி ஒரு வாரத்துக்கு வீட்டில் இந்தப் பார்வைதான்.

டிசம்பர் 15, ஞாயிறு

இவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த வலது கை மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல.

"என்னங்க அது?"

"நாள் முழுக்க அந்த ஆட்டத்துல ஸ்டியரிங்கப் புடிச்சா கை ஆடாம என்ன செய்யும்?"

நியாயமாகத்தான் பட்டது. வண்டியை நாலு வார்த்தை திட்டினேன், மனம் லேசானது.

டிசம்பர் 22, ஞாயிறு

பாகான் டாலாமில் ஹைதர் தம்பியின் பட்டறைக்கு நானே இவரை இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் வண்டியை எப்போதும் பார்ப்பவர் அவர்தான். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"பின்னால தூக்கிட்டீங்கண்ணே. பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டு இப்ப கோணலா சுத்துது. லோடு ஏறினா அமுங்கி நேராவுது, எறக்கினா திரும்பக் கோணல். அதுல முனையில இருக்கிற கிராஸ், அந்த மூட்டு, தேஞ்சு போச்சு. ஒருநாள் ஷாஃப்ட்டே ஒடஞ்சு ரோட்டுல விழும்."

"தைப்பூசம் முடியட்டும் தம்பி."

இவர் விடாக்கண்டன். ஹைதர் தலையைச் சொறிந்துகொண்டார். கிளம்பும்போது நான் மெல்லக் கேட்டேன், இந்த ஆட்டத்தில் கை நடுங்குமா என்று.

"ஷாஃப்ட்டு ஆட்டம் சீட்டுலதான் தெரியும் அக்கா. ஸ்டியரிங்குக்கு அவ்வளவா வராது."

அதற்குள் இவர் என்ஜினைக் கிளப்பிவிட்டார். அந்த இரைச்சலில் காதில் சரியாக விழவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 30

இன்று இவர் சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டுவிட்டேன். நேரமாகிவிட்டது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டோம், இரண்டு பேரும்.

ஜனவரி 12, ஞாயிறு

எழுதாவிட்டால் நெஞ்சு அடைத்துவிடும்.

பாலத்தில் ஷாஃப்ட் உடைந்தது. வெறும் வண்டி, பட்டர்வொர்த் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். காலுக்கடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தீப்பொறி. என்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. இரண்டு பக்கமும் கடல். நான் முருகா முருகா என்றேன் – வேறென்ன செய்வது?

இவர் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தார். சிக்னல் போட்டார். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த லாரிக்கு வழிவிட்டார். வேகம் இருக்கும்போதே ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் கல்லாக இருந்தன. இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்திய பிறகும் ஒரு மனிதரைப் பார்த்து ஆசை வரும் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"அந்தப் பக்கம் எறங்காத, பைக்கு வருது" என்றார். என்ஜினை அணைத்தார். கைகளை எடுத்து மடியில் வைத்தார்.

வண்டி நிற்கிறது. என்ஜின் அணைந்துவிட்டது. ஆடுவதற்கு ஒன்றுமே இல்லை. வலது கை ஆடியது.

"பயந்துட்டீங்க" என்றேன்.

"ஆமா. பயம்தான்."

இழுவை வண்டி வரும்வரை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். யார் வீட்டுக் கையோ போல.

ஜனவரி 17, வெள்ளி

ஹைதர் தம்பி வேறு ஷாஃப்ட் போட்டு, கிராஸ் எல்லாம் புதிதாக மாற்றி, அந்தப் பாழாய்ப்போன பட்டையையும் கழற்றிவிட்டார். "இனிமே ஆசப்படாம ரெண்டு நடையா ஏத்துங்கண்ணே" என்றார்.

பாலத்தில் எண்பது. தொண்ணூறு. ஒரு அசைவு இல்லை. "நெய்யில வழுக்குற மாதிரி போவுது பாரு" என்று சிரித்தார். நான் வழி முழுக்க ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டு வந்தேன். இதோடு அதுவும் நின்றுவிடட்டும்.

ஜெலுத்தோங் சிவப்பு விளக்கில் நின்றோம். கியரைத் தள்ளிவிட்டு வலது கையைத் தொடையில் வைத்தார்.

சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் என்ன சொல்வது? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 21

"இன்னும் ஆடுது" என்று ஹைதரிடம் போயிருக்கிறார்.

ஜனவரி 24

இன்றும் போனார். ஷாஃப்ட் சரியாக உட்காரவில்லையாம். ஹைதருக்குக் கவனம் போதவில்லையாம்.

ஜனவரி 25, சனி

ஹைதர் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, நானே ஓட்டிப் பாத்துட்டேன். வண்டியில ஒண்ணும் இல்ல. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நல்லாப் பாத்தீங்களா தம்பி? சின்னதா ஏதாச்சும் இருக்கும்."

"இல்லக்கா."

"கொஞ்சமாச்சும்?"

வண்டியில் ஏதாவது கோளாறு சொல்லு என்று மெக்கானிக்கிடம் கெஞ்சிய முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன். நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் காலையிலிருந்து நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வழக்கம்போல வந்துவிட்டது.

"வண்டி ஆடலைங்க. நீங்கதான் ஆடுறீங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"நீ எப்பருந்து பாக்குற?"

"டிசம்பர்லருந்து."

"நான் தீபாவளிக்கு முன்னருந்தே பாக்குறேன்."

அப்போது அந்தப் பட்டை போடவே இல்லையே. வண்டியும் ஒழுங்காகத்தானே ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி ஆட ஆரம்பிச்சதும் உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோஷம் புஷ்பா. அப்பாடா, வண்டிதான்னு இருந்துச்சு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். பிறகு அவர் தட்டை நான் எடுத்துச் சூடாக்கிக் கொண்டுவந்தேன். பாதிதான் சாப்பிட்டார்.

ஜனவரி 28

கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மார்ச்சில்தான் தேதி. அதுவரை நீங்கள் ஓட்டாமல் இருப்பது நல்லது என்றார். இவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே தலையாட்டினார்.

பிப்ரவரி 10, திங்கள்

தைப்பூச ரதம் வருகிற நாள். இரண்டு நடையும் நான்தான் ஓட்டினேன், எப்போதோ எடுத்த லைசென்ஸை நம்பி. காலையில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் வழியெல்லாம் அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். "கிளட்ச்ச விடு, விடு" என்று வேறு. ஆள் மாறினாலும் வாய் மாறாது.

எங்கள் வேண்டுதலுக்கு இவர்தான் சிதறுகாய் உடைத்தார். ரதம் நெருங்கியதும் தேங்காயைக் கையில் எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினார். நான் அந்தக் கையையே பார்த்தேன். அசையவில்லை. ஒரே வீச்சில் தூள் தூளானது.

சரியாகிவிட்டதோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவர் துண்டில் துடைத்துக்கொண்டு கையைத் தொங்கவிட்டார். நான் ரதத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர், சாமி சரியாகத் தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

பார்க்கின்சன்.

டாக்டரம்மா மலாய்க்காரர், பொறுமைசாலி. கைகளை மடியில் சும்மா வைக்கச் சொன்னார். வலது கை ஆடியது. பிறகு ஒரு கோப்பையைப் பிடிக்கச் சொன்னார். நின்றது. திரும்ப வாங்கிக்கொண்டார். ஆடியது. "காலாவ் கோசோங், டியா கொயாங்" என்றார். காலியாக இருந்தால் ஆடுகிறதாம்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நம்ம வண்டி மாதிரியேதான் புஷ்பா. கோசோங்னா ஆடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி, ஓட்டலாமா என்று. மருந்து எப்படிப் பிடிக்கிறதென்று பார்ப்போம், இப்போதைக்கு வேண்டாம் என்றார். இதற்கு மாற்றிப் போட வேறு சாமான் இல்லை, மருந்துதான், கடைசிவரைக்கும் மருந்துதான்.

நான் கழிவறையில் நின்று அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எப்படியும் கண்டுபிடித்துவிட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். பாலம். வெறும் வண்டி. எண்பதில் போனேன், ஒரு ஆட்டம் இல்லை. கிளட்ச்சைப் பற்றி இவர் இப்போதெல்லாம் பேசுவதில்லை. பேசினால் தேவலை என்று இருக்கிறது.

மடியில் இரண்டு கையாலும் ஒரு தேங்காயைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தார். மார்ச்சிலிருந்து சீட்டில் ஒன்று போட்டுவைக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. ஏறி உட்கார்ந்ததும் எடுத்துக்கொள்கிறார்.

காலையில் மார்க்கெட்டில் ஒரு சீனத்தி அம்மா, லோடெல்லாம் தீர்ந்துபோனதால் ஜன்னலில் எட்டிப் பார்த்து, அந்தத் தேங்காயையாவது கொடு என்றாள்.

அது விக்கிறதுக்கு இல்ல என்றேன்.