சிரிக்கிற முக அட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன், ஆனால் இந்த முறை பதிலை யோசித்து எழுதும்மா. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை தானாகப் போனது, நிறுத்திக்கொண்டேன். அம்மாவுக்கு மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறது, உன் தம்பிக்கு வேலை இன்னும் அமையவில்லை, கேட்டால் வள்ளென்று விழுகிறான். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. பள்ளிக்கூடத்து விஷயம், அம்மாவிடம் பாதிதான் சொன்னேன்.

என் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, எதற்கெடுத்தாலும் வாதாடும், அதனால் வக்கீலம்மா என்று கூப்பிடுவோம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே. மழை பெய்தால் லீவு விடுறீங்க, வெயில் அடித்தால் ஏன் விட மாட்டேங்கறீங்க என்று தலைமையாசிரியையையே வழியில் நிறுத்திக் கேட்டவள். இந்த வருஷம் மேலிடத்திலிருந்து மனநலப் பலகை என்று ஒன்று வகுப்புக்கு வகுப்பு வந்து இறங்கியது. காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயருக்கு நேரே ஒரு முக அட்டையை மாட்ட வேண்டும், சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். சாயங்காலம் நான் எண்ணி செல்போனில் ஏற்ற வேண்டும். வக்கீலம்மா முதல் நாளே அழுகிற முகத்தை மாட்டினாள், பதினோரு நாள் தொடர்ந்து அதையே மாட்டினாள். நான் கேட்டால் வாய் திறக்கவில்லை, கடைசியில் பள்ளிக்கூடத்து ஆயாவிடம்தான் சொல்லியிருக்கிறாள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே போனால் பெரிய வகுப்புப் பையன்கள் கதவைத் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள், அதனால் போவதே இல்லை, போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை என்று. காலை எட்டரையிலிருந்து மூன்றரை வரைக்கும், ஏழு வயசுப் பிள்ளை.

பையன்களைத் திட்டினேன், மூன்று நாள் அடங்கினார்கள். சனிக்கிழமை நானே ஒரு தாழ்ப்பாள் வாங்கிப்போய் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து மாட்டினேன். திங்கட்கிழமை தலைமையாசிரியை அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் முன்னால் ஒரு குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு மயங்கிப் போனதிலிருந்து உள்தாழ்ப்பாள் கூடாது, வெளியே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆயா, அவர் எங்கே நிற்பார். நான் நிற்கிறேன் என்றேன். தலைமையாசிரியை என்னை மேலும் கீழும் பார்த்து, ஆம்பளை வாத்தியார் பொம்பளைப் பிள்ளைங்க கக்கூஸ் வாசல்ல நின்னா நல்லாவா இருக்கும் சார் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் கொடுமை. இன்னொரு ஆள் கேட்டு மூன்று முறை எழுதினோம், பரிசீலனையில் இருக்கிறது என்று மூன்று முறையும் பதில் வந்தது. பிள்ளை அழுகிறதா என்று எண்ணுவதற்குப் பலகை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அழாமல் இருக்க ஒரு ஆளை அனுப்பத் தெரியவில்லை.

அப்புறம் நான் செய்ததைக் கேள். பலகையைப் பார்க்க அதிகாரி வருகிற நாள், பள்ளிக்கூடம் முழுக்க ஒரே ஒரு அழுகிற முகம், அதுவும் உங்கள் வகுப்பில், கொஞ்சம் கவனியுங்கள் என்றார் தலைமையாசிரியை. வக்கீலம்மா குனிந்து பையைத் திறந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் அட்டையை எடுத்துவிட்டுச் சிரிக்கிற முகத்தை மாட்டிவிட்டேன். அதிகாரி என்னைப் பலகையோடு சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை அவளே சிரிக்கிற முகத்தை மாட்டினாள். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. இப்போ பரவாயில்லையா என்று கேட்டேன். "நீங்கதான சார் மாத்துனீங்க" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் வாதாடவில்லை. அதற்கப்புறம் எதற்குமே வாதாடவில்லை.

போன புதன்கிழமை அவள் அப்பா வந்தார், மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், சிறுநீரை அடக்கி அடக்கிக் கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டதாம், ஜுரம் இறங்கவில்லையாம். புள்ள இங்க சந்தோஷமா தான இருந்துச்சு சார் என்று கேட்டார். நான் மேஜைமேல் இருந்த நோட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அவரே திரும்பிப் பலகையைப் பார்த்தார், மகள் பெயரைத் தேடிப் பிடித்தார், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. அவள் அட்டை அப்படியே இருக்கிறது. வராத பிள்ளைக்கென்று தனி முகம் கிடையாது, கடைசியாக மாட்டியதையே எண்ண வேண்டுமாம். தினமும் சாயங்காலம் அவளையும் சேர்த்துத்தான் எண்ணி ஏற்றுகிறேன்.

போன மாதம் போனில் நீ ஒன்று சொன்னாய். உன் ஆபீசில் கழிப்பறை கீழ்மாடியில் இருக்கிறது, அடிக்கடி எழுந்தால் மேலதிகாரி கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதில்லை என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், நானும் சிரித்தேன். அங்கே வந்து உனக்காக ஒரு வார்த்தை பேசவும் எனக்கு வழியில்லை. நீயே எழுந்து போம்மா, அவர் பார்த்தால் பார்க்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்லச் சொன்னாள். பதிலில் நல்லா இருக்கேன்ப்பா என்று மட்டும் எழுதாதே. அதை நான் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா